ஐரோப்பாவின் எல்லைகளும் எங்கள் வேலிகளும்

(புங்குடுதீவு, இறுப்பிட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமூக ஏற்றத்தாழ்வும் ஐரோப்பிய ஒருங்கிணைப்பும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே ஒரு பெரியவர் என்னை மறித்தார். "தம்பி, குடிதண்ணிப் பிரச்சினையைக் கதைக்காமல் இதென்ன பிரசல்ஸ் கதை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீருக்கும் வருவேன். ஆனால் ஐயா, இந்த ஊரில் யார் யாரைக் கட்டலாம், தாயின் செத்தவீட்டுக்கு மகன் வந்து கொள்ளி வைக்கலாமா, பூட்டிக் கிடக்கிற வளவை யாருக்கு எழுதலாம் என்பதையெல்லாம் நாற்பது வருடமாகத் தீர்மானிப்பது பிரசல்ஸிலும் பேர்னிலும் லண்டனிலும் எழுதின சட்டங்கள்தான். எங்களுடைய பிரதேச சபைக்கு அந்த அதிகாரத்தில் கால்வாசிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கதை.

1985இலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு மே 15ஆம் திகதி நெடுந்தீவு மாவலித்துறையிலிருந்து எங்கள் குறிகட்டுவானுக்கு வெளிக்கிட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. அதில் வந்த பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட விதத்தை இந்தச் சபைக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. சரியாக முப்பது நாள் கழித்து, யூன் 14ஆம் திகதி, லக்சம்பேர்க்கில் ஷெங்கன் என்ற சின்னக் கிராமத்தில், மோசெல் ஆற்றில் நின்ற 'பிரின்சஸ் மரி அஸ்ட்ரிட்' என்ற பயணக் கப்பலில் ஐந்து நாட்டுக்காரர் கூடினார்கள். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க். தங்களுக்குள் இருக்கும் எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக எடுத்துவிடுவது என்று கையெழுத்து வைத்தார்கள். அதற்கும் ஒரு மாதம் கழித்து, யூலை நடுப்பகுதியில், கிழக்கு ஜெர்மனி ஒரு முடிவை நடைமுறைப்படுத்தியது: போய்ச் சேரும் நாட்டின் விசா கையில் இல்லாத இலங்கைத் தமிழருக்கு இனி இடைவழி விசா கிடையாது.

இந்தக் கடைசிச் செய்தியின் பெறுமதி அந்தக் காலத்தில் போன அண்ணன்மாருக்குத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு எங்கள் பெடியள் கண்டுபிடித்த வழி கிழக்கு பெர்லின். சோவியத் விமானத்தில் மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின் சோனபெல்ட், பிறகு நகர ரயிலில் ஏறினால் மேற்கு பெர்லின். கிழக்கு ஜெர்மனிக்கு அந்நியச் செலாவணி வேண்டும், ஆகவே பயணச்சீட்டு வைத்திருந்தவனை விட்டது. மேற்கு ஜெர்மனியோ பெர்லினைப் பிரிந்த நகரமென்று ஒப்புக்கொள்ள மறுத்ததால், அந்த இடத்தில் கடவுச்சீட்டுப் பார்க்கவில்லை. இரண்டு ஜெர்மனிகளின் பிடிவாதத்துக்கு நடுவில் இருந்த ஓர் இடுக்கால் புங்குடுதீவுப் பெடியன் புகுந்து போனான். 1985 கோடையில் அந்த இடுக்கு எங்கள் ஆட்களுக்கு அடைபட்டது. அடுத்த வருடம் மற்ற நாட்டுக்காரருக்கும் அடைபட்டது.

ஆக, ஒரே கோடையில் ஐரோப்பா உள்வாசல்களைத் திறக்க ஒப்பந்தம் போட்டது, வெளிவாசலையும் மூடத் தொடங்கியது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அயல் நாட்டுடனான வாசலைத் திறந்துவிட்டால், அயலவனுடைய வெளிக்கதவுதான் உன்னுடைய வெளிக்கதவு. அவன் யாரை உள்ளே விடுகிறான் என்பதில் உனக்குக் கவலை வந்துவிடும். அந்தக் கவலையின் முதற் பெரிய விளைவு டப்ளின் ஒப்பந்தம். 1990 யூன் 15ஆம் திகதி கையெழுத்தானது. அதே கிழமைதான் இங்கே இரண்டாம் ஈழப்போர் வெடித்தது. ஒருவன் ஐரோப்பாவில் எந்த நாட்டுக்குள் முதலில் கால் வைத்தானோ அந்த நாடுதான் அவனுடைய தஞ்சக் கேஸைப் பார்க்கவேண்டும், மற்ற நாடுகள் அவனை அங்கே திருப்பி அனுப்பலாம் என்பது அந்த ஏற்பாட்டின் முக்கியமான விதி. 1997இல் நடைமுறைக்கு வந்தது. 2003 தொடக்கத்தில் கைரேகைகளுக்கான பொதுத் தரவுத்தளம் ஒன்றும் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு இத்தாலியில் விரல் பதிந்தவன் பிரான்சில் வேறு பெயர் சொல்லிப் பயனில்லை. பெயரை மாற்றலாம், பிறந்த திகதியை மாற்றலாம், பெருவிரலை என்ன செய்வது?

இதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். யாரையும் சுட்டவில்லை, இப்படியான குடும்பம் இந்த ஊரில் ஒன்றிரண்டல்ல. மூத்தவர் 84இல் பெர்லினால் போனவர். இப்போது ஜெர்மன் கடவுச்சீட்டு, மூன்று அறை வீடு, ஓய்வூதியத்துக்குக் கிட்ட வந்துவிட்டார். அடுத்தவர் தொண்ணூற்றொன்றில் தீவே வெளிக்கிட்ட நேரம் கொழும்புக்குப் போய் அங்கிருந்து சுவிஸ். பல வருடம் தற்காலிக அனுமதியில் கிடந்து, பிறகு பி அனுமதி, பிறகு சி அனுமதி. இளையவர் 2009க்குப் பிறகு போனவர். இத்தாலியில் விரல் வைத்து, பிரான்சில் கேஸ் போட்டு, றிஜெக்ட் ஆகி, மேன்முறையீடு செய்து, இன்னொருவனுடைய அனுமதி அட்டையில் வேலை செய்கிறார். ஒரே தாயின் பிள்ளைகள். ஒரே சமையலறை வேலை. ஆனால் மூத்தவருக்கு ஐரோப்பா முழுதும் வீதி, நடுவிலாருக்கு அது பெரிய முற்றம், கடைசித் தம்பிக்குப் பரிசின் லா சப்பல் தெருவுக்கு அப்பால் பொலிஸைக் கண்டால் நெஞ்சு படபடக்கும். எந்த வருடம் போனாரோ, அதுதான் அவருடைய வகுப்பு.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. யார் போனார்கள்?

இதைப் பேசும்போது சபையில் கொஞ்சம் நெளிவு வரும். வரட்டும். எண்பதுகளில் ஏஜென்சிக்குக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது? காணியை ஈடு வைத்தார்கள். தங்கச்சிக்கென்று வைத்திருந்த நகையை அடைவு வைத்தார்கள். கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்திருந்த மாமன் கைமாற்றுக் கொடுத்தார். புங்குடுதீவார் வியாபாரத்துக்குப் பேர் போனவர்கள், அந்தப் பேர் அன்று உதவியது. ஈடு வைக்கக் காணியும் அடைவு வைக்க நகையும் கடை வைத்த மாமனும் இல்லாதவன் என்ன செய்வான்? பெரும்பாலும் போகவில்லை. காணி யாரிடம் இருந்தது என்பது இந்தத் தீவில் சாதியோடு ஒட்டிய விசயம். ஆகவே வெளிநாடு என்ற வாசலுக்கும் எங்கள் பழைய வேலிதான் முதல் வடிகட்டி. ஒடுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள், உண்மை. இயக்கத்தின் வழியாகப் போனவர்கள், கப்பலில் வேலை தேடிப் போய் இறங்கியவர்கள், ஊரே சீட்டுக் கட்டி அனுப்பியவர்கள். ஆனால் பிந்திப் போனார்கள். பிந்திப் போனவனுக்குக் கதவு எப்படி இருந்தது என்று இப்போதுதான் சொன்னேன்.

இங்கே ஐரோப்பாவுக்கு ஒரு நன்றியும் சொல்லவேண்டும். நான் சில காலம் அங்கே சமையலறையில் நின்றவன். கோப்பை கழுவுகிற தொட்டியடியில் வளவுக்காரன் மகனும் அந்த வளவில் கூலிக்கு நின்றவன் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சம்பளம் ஒன்று, திட்டு ஒன்று. தலைமைச் சமையற்காரனுக்கு எங்கள் கோத்திரம் தெரியாது, தெரிந்தாலும் அவனுக்கு அதில் அலுவல் இல்லை. ஊரில் மூன்று தலைமுறை போராடியும் கிடைக்காத ஒன்று அந்த ஈரத் தரையில் சம்பளத்துக்கு நின்றதால் கிடைத்தது. ஊர்ச் சங்கம், கோயில், கல்யாணம் என்று மூன்றும் தொடங்கின பிறகுதான் வேலி கப்பலேறி அங்கேயும் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை தேடுகிறவர்கள் முதலில் ஊரைக் கேட்கிறார்கள். பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் என்ன விசா என்று கேட்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முதல் இல்லாத மூன்றாவது கேள்வி இன்று முதல் இரண்டையும் சில இடங்களில் வெல்கிறது. இதை முன்னேற்றம் என்று எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

விசா என்றதும் கல்யாணத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒருங்கிணைப்பு எங்கள் ஆட்களுக்குள்ளேயே எப்படி மேடு பள்ளம் போட்டது என்பதற்கு இதைவிடத் துலக்கமான இடம் இல்லை.

ஜெர்மனியில் 2007 ஓகஸ்டிலிருந்து ஒரு விதி: இங்கிருந்து போகிற மணமகளோ மணமகனோ போவதற்கு முன்பே அடிப்படை டொச் மொழி தெரிந்திருக்க வேண்டும். ஏ1 சான்றிதழ். தீவுப் பிள்ளைகள் கொழும்பில் அறை எடுத்துத் தங்கி 'இஷ் ஹைச' என்று பாடமாக்கியது அதற்காகத்தான். பிரித்தானியாவில் 2012 யூலையிலிருந்து வருமான விதி: வருடத்துக்கு 18,600 பவுண்ட்ஸ் உழைக்காதவர் துணையைக் கூப்பிட முடியாது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கிவிட்டார்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிற பெடியனுக்கு அந்தத் தொகை சின்னத் தொகையல்ல. டென்மார்க்கில் 2002இலிருந்து இருவருக்கும் 24 வயது கடந்திருக்க வேண்டும்.

இனித்தான் வேடிக்கை. இந்த விதிகளெல்லாம் ஒரு நாட்டின் சொந்தப் பிரசைகளுக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் கடவுச்சீட்டோடு இன்னொரு நாட்டில் போய் வாழ்கிறவருக்கு ஒன்றியத்தின் சட்டம் பொருந்தும். 2004ஆம் ஆண்டின் சுதந்திர நடமாட்டச் சட்டம் அவருக்கு மொழிப் பரீட்சையும் வைக்கவில்லை, அந்த வருமான எல்லையும் போடவில்லை. ஆகவே 2015இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு தமிழர் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள் என்று வையுங்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர் 18,600 காட்ட வேண்டும். ஜெர்மன் கடவுச்சீட்டோடு வந்து வேலை செய்தவர் காட்டத் தேவையில்லை. சொந்த நாட்டில் இருப்பவனை விட அயல் நாட்டில் இருப்பவனுக்கு உரிமை கூட. டென்மார்க்கில் இது பிரசித்தம். மனைவியோடு வாழ்வதற்காகப் பாலத்தைத் தாண்டிச் சுவீடனின் மல்மோவில் குடியேறியவர்கள் எத்தனையோ பேர். அடியில் இருந்தவன் யார் என்றும் பாருங்கள். எந்த ஐரோப்பியக் கடவுச்சீட்டும் இல்லாமல் வதிவிட அனுமதி மட்டும் வைத்திருந்தவனுக்கு ஒன்றியச் சட்டத்தின் இந்த வழி இல்லை. அவனுக்கு மூன்றாம் நாட்டவன் என்று பெயர். சுவிஸ் ஒன்றியத்தில் சேராத நாடு, இருந்தும் அங்கேயும் இதே படிநிலை. 2002இலிருந்து ஐரோப்பியருக்குச் சுதந்திர நடமாட்டம், மற்றவர் என்றால் உயர் தகைமை வேண்டும். 2018இலிருந்து குடியுரிமை கேட்பவர் முந்தின மூன்று வருடத்தில் சமூக உதவிப் பணம் வாங்கித் திருப்பிக் கட்டாமல் இருந்திருக்கக் கூடாது. வேலையிழந்து உதவி வாங்கிய ஏழைக்குக் கதவு தள்ளிப் போகிறது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் சட்டம் ஒன்றுதான் என்பார்கள். எழுத்தில் ஒன்றுதான்.

இந்த நடமாட்டச் சுதந்திரத்தை எங்கள் ஆட்கள் நன்றாகப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனி, ஒல்லாந்து, டென்மார்க், பிரான்ஸ் கடவுச்சீட்டு எடுத்த குடும்பங்கள் வீட்டை விற்றுக்கொண்டு லண்டனுக்குப் போயின. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், சொந்தமாகக் கடை போட வேண்டும், கோயிலும் தமிழ்க் கடையும் கிட்ட இருக்க வேண்டும். பக்கத்துத் தீவான வேலணையின் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி நடித்த 'தீபன்' படத்துக்கு 2015இல் கான் விழாவின் பெரிய பரிசு கிடைத்தது. பிரான்சுக்கு அகதியாகப் போனவர்களின் கதை. படம் எங்கே முடிகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கிலாந்தில். பிரெஞ்சு இயக்குநருக்குக்கூட விளங்கியிருக்கிறது எங்கள் சனத்தின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று.

பிறகு பிரெக்ஸிற். 2016 யூன் 23 வாக்கெடுப்பு, 2020 சனவரி 31 வெளியேற்றம், அந்த ஆண்டு முடிவோடு நடமாட்டமும் முடிந்தது. முன்னரே போனவர்கள் 2021 யூன் 30க்குள் விண்ணப்பித்துத் தங்கள் இருப்பைப் பதியவேண்டியிருந்தது. விண்ணப்பம் இணையத்தில். பிள்ளையின் கைத்தொலைபேசியை நம்பியிருந்த அம்மம்மாமாருக்கு அந்த மாதங்கள் எப்படிக் கழிந்தன என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்னொரு குடும்பத்தை எடுங்கள்: மூத்த அண்ணன் 2014இல் லண்டனுக்குப் போனான், தங்கை பிள்ளையின் பள்ளிக்கூடம் முடியட்டும் என்று டோர்ட்முண்டில் இருந்தாள். பார்த்துக்கொண்டிருக்க வாசல் அடைபட்டது. புதிய தஞ்ச உடன்பாடொன்றை ஒன்றியம் 2024 மேயில் நிறைவேற்றி, 2026 யூனிலிருந்து நடைமுறை என்று வைத்திருக்கிறது. எல்லையிலேயே வைத்து விரைவாகக் கேஸை முடிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இனிப் போகிற பிள்ளைகளுக்கு ஏஜென்சிக்காரன் இதைச் சொல்லமாட்டான்.

ஏற்றுமதிச் சலுகை, மீன் தடை என்று ஐரோப்பிய ஒன்றியம் நேராகவே இலங்கையைத் தொடுகிற விசயங்களும் உண்டு. ஜிஎஸ்பி பிளஸ் சலுகை 2010 ஓகஸ்டில் மனித உரிமைக் காரணங்களுக்காக நிறுத்தப்பட்டு 2017 மேயில் திரும்பி வந்தது. சட்டவிரோத மீன்பிடியைக் காட்டி 2015 தொடக்கத்தில் மீன் இறக்குமதியைத் தடுத்து 2016 நடுவில் விட்டார்கள். அது தெற்கின் ஆழ்கடல் படகுக்காரரை அடித்தது. எங்கள் கரையில் வலை அறுபடுவது இந்திய இழுவைப் படகால், அதற்குப் பிரசல்ஸில் மருந்தில்லை. இதோடு விடுகிறேன்.

இனி ஊருக்கு வருவோம். வெளிநாட்டுக் காசு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், கோயில்கள் எழும்பின, செத்துப் போயிருக்க வேண்டிய ஊர் செத்துப் போகவில்லை. இதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் காசு எல்லா வீட்டுக்கும் வரவில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் இருநூறு ரூபாய் சொச்சம், மே மாதத்தில் முன்னூற்று அறுபது. அரிசியும் மண்ணெண்ணெயும் தலைக்கு மேலே போனது. சூரிச்சிலிருந்து மாதம் இருநூறு பிராங்க் வருகிற வீட்டுக்கு அந்த இருநூறு ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேலானது. வராத வீட்டில் கூலி அதே ரூபாய்தான், வாங்கக்கூடியது பாதி. நாடே வங்குரோத்தான அந்த வருடத்தில் இந்த ஊருக்குள் சில வீடுகள் ஓடு மாற்றின, சில வீடுகள் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை அகலம்.

காசை விடப் பெரியது காணி. நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான்.

ஒல்லாந்தர் எங்கள் தீவுக்கு மிடில்பேர்க் என்று பெயர் வைத்தார்கள், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், வேலணைக்கு லைடன். எல்லாம் அவர்களுடைய ஊர்ப் பெயர்கள். ஷெங்கனில் கையெழுத்து வைத்த ஐந்து பேரில் அவர்களும் ஒருவர் என்பது சரித்திரத்தின் பகிடி. நெடுந்தீவைத் தவிர மற்றப் பெயர்கள் ஒட்டவில்லை, கணக்கு ஒட்டிக்கொண்டது. தோம்பு எழுதி எந்தக் காணி எவருடையது என்று பதிந்தார்கள். 1707இல் எங்கள் வழக்கங்களைத் தேசவழமை என்று தொகுத்துச் சட்டமாக்கினார்கள். பரம்பரைச் சொத்தான முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து பிரிந்தது. அதே தொகுப்பில் அடிமைகளுக்கும் பிரிவு இருந்தது. அடிமைமுறை 1844இல் சட்டத்திலிருந்து போய்விட்டது. காணி பற்றிய பகுதி இன்றைக்கும் நீதிமன்றத்தில் நிற்கிறது. அடிமையாகப் பதியப்பட்டவனின் பேரப்பிள்ளைகளுக்குத் தோம்பில் காணி இல்லை, ஆகவே முதுசொமும் இல்லை. இது ஐரோப்பா எங்களை அன்றைக்கே தன்னோடு ஒருங்கிணைத்த விதம்.

இப்போது இந்த ஊரின் வளவுகளைப் பாருங்கள். ஆறு பரப்பு, எட்டுப் பரப்பு, நாற்சார வீடு, கூரைக்குள்ளால் ஆலமரம். உறுதியில் இறந்துபோன பாட்டனின் பெயர். உரித்தாளர் பதினொரு பேர்: ரொறன்ரோவில் நாலு, பரிசில் மூன்று, சுவிசில் இரண்டு, ஒஸ்லோவில் ஒருவர், கொழும்பில் ஒருவர். பிரிபடாத பங்கு. ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால் மற்றப் பங்காளருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும், தேசவழமை அவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கிறது. முழுக் காணியையும் எழுதுவதென்றால் வெளிநாட்டிலிருக்கும் பத்துப் பேரின் அற்றோணித் தத்துவம் எடுக்க வேண்டும், பத்தும் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். பங்காளரில் இரண்டு பேர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. யார் இதைச் செய்வார்? கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டமும் அவர்கள் பக்கம்தான். போர்க்காலத்தில் வெளியேறியவர்களின் காணியை மற்றவர் பத்து வருட ஆட்சி காட்டி எடுத்துவிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், தேவையான சட்டம். காணி இருந்தவனைக் காத்தது. காணி இல்லாதவனுக்கு அதைப்போல ஒரு சட்டம் வரவில்லை. 2014இன் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசை இங்கே காணி விலைக்கு வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை இருந்தால் விலக்கு. அந்த விலக்கும் கட்டணம் கட்டக்கூடியவனுக்குத்தான்.

இந்த வளவுகளை யார் பார்க்கிறார்கள்? ஓர் அக்காவை எனக்குத் தெரியும். தன்னுடைய பெயர் வேண்டாம் என்றார். மூன்று வீட்டுத் திறப்புகள் அவருடைய இடுப்பில் தொங்குகின்றன. திருவிழாவுக்குச் சொந்தக்காரர் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் கிணறு இறைப்பார், ஒட்டறை தட்டுவார், குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து மின்சாரம் போட்டுப் பார்ப்பார். அவர்கள் போன பிறகு மிச்சமான சம்போப் போத்தல்களைத் தருவார்களாம், நல்ல மணம் என்கிறார். அவரும் மூன்று பிள்ளைகளும் இருப்பது அதில் ஒரு வளவின் பின்மூலையில், தகரமும் கிடுகுமான கொட்டிலில். பதினாறு வருடமாக. கடுதாசி ஒன்றும் இல்லை.

அவருக்கு ஏன் வீட்டுத்திட்டம் கிடைக்கவில்லை? போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது, வீட்டுக்கு ஐந்தரை இலட்சம். ஐரோப்பிய ஒன்றியமும் சுவிசும் காசு போட்ட வீட்டுத்திட்டங்களும் வடக்குக்கு வந்தன. பிரசல்ஸ் காசு புங்குடுதீவு அக்காவின் படலை வரைக்கும் வரக்கூடியதாக இருந்தது. படலை அவருடையதாக இருக்கவில்லை. காணிக்கு உரித்துக் காட்டினால்தான் வீடு. வாசலில் என்னை மறித்த ஐயாவுக்குச் சொல்கிறேன், தண்ணீர்க் கதையும் இதுதான். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை 2024இல் திறந்தார்கள், ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர். குழாய் எவ்வளவு தூரம் வந்தாலும், வீட்டு இணைப்புக்கு உறுதி கேட்பார்கள், இல்லையென்றால் காணிக்காரரின் சம்மதம் கேட்பார்கள். காணிக்காரர் பதினொரு பேர். அதுவரைக்கும் பவுசருக்கு வாளி வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். உப்புக் கிணறு எல்லாருக்கும் பொது.

எப்படிச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறது பாருங்கள். போகக் காசில்லாததால் போகாமல் நின்ற குடும்பம், போனவர்களின் காணிக்குக் காவல். பெர்லினிலும் டப்ளினிலும் போட்ட விதிகள் இங்கே யார் திறப்பு வைத்திருப்பார், யார் உறுதி வைத்திருப்பார் என்று பிரித்துவிட்டன. பிரிவு புதிதாக விழவில்லை, பழைய கோட்டின்மேலேயே விழுந்தது.

கோயிலுக்கு இன்னொரு நிலை கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்த மண்டபத்துக்கு அடுத்த முறை கூப்பிட மாட்டீர்கள். விற்கச் சொல்லியும் கேட்கவில்லை. முதுசொம் மேலே இருக்கிற பற்று எனக்கும் உண்டு. கேட்பது குத்தகை. முப்பது வருடக் குத்தகை உறுதி, ஒரு வளவில் ஒரு மூலை, இரண்டு பரப்பு. நொத்தாரிசின் முன் எழுதிப் பதிந்தது.

இதற்கு உடனே வரும் பதிலும் எனக்குத் தெரியும். "இருக்க விட்டால் எங்கட காணியைத் தன்ர ஆக்கிப்போடுவான்." ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து பின்வரிசையில் இருக்கிற தம்பிமார் தங்கள் அப்பாமாரிடம் சொல்லவேண்டிய விசயம் இதுதான், கவனமாகக் கேளுங்கள். எங்கள் ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்து வருடம் இருந்தால் போதாது, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராக இருந்திருக்க வேண்டும். அனுமதியோடு குடியிருந்தவரும் குத்தகைக்கு இருந்தவரும் இருந்த காலத்தைக் காட்டி மட்டும் காணியைக் கேட்க முடியாது. எழுத்தில் கொடுத்த குத்தகை காணிக்காரருக்குத்தான் கவசம். கடுதாசி இல்லாமல் ஒருவரைப் பதினாறு வருடம் மூலையில் வைத்திருப்பதில்தான் நாளைக்கு வழக்கு இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும். உறுதியில் குடிநீர் இணைப்புக்கும் வீடு கட்டுவதற்கும் சம்மதம் என்று ஒரு வரி சேர்க்கலாம். பதினொரு பேரின் கையெழுத்து கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கும்பாபிஷேகத்துக்கும் கல்யாணத்துக்கும் அதில் ஏழு பேர் இந்த மாதம் ஊரில் நிற்கிறார்கள். மிச்சம் நாலு பேருக்கு அற்றோணித் தத்துவப் படிவம் அனுப்பினால் அந்தந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி எடுக்கலாம். முகம் கொடுத்துக் கதைக்காத இரண்டு பேரை யார் கதைக்க வைப்பது என்பது குடும்பப் பெரியவர்களின் பாடு.

அந்த அக்காவின் வளவுக்குச் சொந்தமான குடும்பத்தில் ஒருவர் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். யாரென்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. திங்கட்கிழமை காலை நொத்தாரிசின் கந்தோர் திறந்திருக்கும், உங்கள் விமானம் புதன்கிழமைக்குப் பிறகு என்றால் நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.